சிவப்பு அங்கி நீதிபதிகள்

பீமாராவின் நாடகக் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியூர் போய்விட்டார்கள். கலிலியோ வேஷம் கட்டிய அவர் மட்டும் மதுரையில் மிஞ்சினார். அதனால் கலிலியோவை விசாரிக்கும் நீதிபதிகளின் சிவப்பு அங்கிகளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாட்டிவிட்டு, பள்ளிக்கூடங்களில் தனியாகவே நடித்தார்.

அன்று வண்டியூரில் நாடகம். கடைசிக் காட்சியில் அங்கிகளின் முன்னால் மண்டியிட்டு, "பூமி சுற்றுகிறது என்று நான் சொன்னது தவறு" என்று தலைகுனிந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்தது.

"பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் சாப்பிட வந்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டீச்சர் முத்துமீனா போனாள்.

பீமாராவால் எழ முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிட வெட்கமாக இருந்தது.

அப்போது யாரோ அவருடைய தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சிவப்புத் துணி அவர் கன்னத்தில் உரசியது. "மெதுவா எந்திரி" என்று சௌராஷ்டிர மொழியில் ஓர் ஆண்குரல் சொன்னது. மனைவி வசுந்தரா இறந்த பிறகு அந்த மொழியில் அவரிடம் யாரும் பேசியதில்லை.

நிமிர்ந்து பார்த்தார். அங்கிகள் நாற்காலிகளிலேயே தொங்கின.

"உள்ள யாரும் இருந்தாங்களாம்மா?" என்று சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் முத்துமீனாவிடம் கேட்டார்.

"ஒருத்தருமில்லண்ணே. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

அடுத்த வாரம் சோழவந்தானில் நாடகம் போட்டார். கைதட்டல் ஓய்ந்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். யாரோ மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்கள். அன்று முழங்காலில் வலியே இல்லை. ஆனாலும் பீமாராவ் தலையைக் குனிந்து, மண்டியிட்டபடியே இருந்தார்.