ஒரு ஜோடி ஸ்பிரிங்

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் சோல்வேயின் கடை வாசலில், முப்பத்தாறு வயது ஸ்டேஷன் வேகன் கார் ஒன்று பின்பக்கம் தரையில் உரசாத குறையாக வந்து நின்றது.

"பின்னாடி ஸ்பிரிங் ஒரு ஜோடி வேணும்மா," என்றபடி இறங்கினார் தோர்ஸ்டன். "ஸ்வீடன்ல நான் ஏறி இறங்காத கடை இல்ல. நாளைக்கு வருஷாந்திர சோதனை. இப்படியே போனா வண்டியை ஓட்ட விடமாட்டாங்க."

"ஸ்டாக் இருக்குண்ணே. முதல்ல பழசைப் பார்க்கணும்."

பின்கதவைத் திறந்தவள் திகைத்தாள். உள்ளே ஒரு கியர்பாக்ஸ், இரண்டு கதவுகள், பதினோரு ஜோடி புது ஸ்பிரிங்.

"இவ்வளவு வச்சிருக்கீங்களே, ஒண்ணை எடுத்து மாட்ட வேண்டியதுதானே?"

"மாட்டிட்டா? அப்புறம் அவசரத்துக்கு எங்க போறது?"

சோல்வேய் எல்லாவற்றையும் இறக்கி வைத்தாள். வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்து, நிமிர்ந்து நின்றது.

"உங்க ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. அமுக்கினது இந்த பாரம்தான். இப்படியே சோதனைக்குப் போங்க."

தோர்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ நல்லா இருக்கணும்மா. இதையெல்லாம் திரும்ப ஏத்திடு. அப்படியே உன்கிட்ட இருக்கிற ஜோடியையும் போட்டுடு. இருந்தா நல்லதுதானே!"