மரங்கொத்தியின் நுழைவுத் தேர்வு

ஒருவனைக் கொல்வதற்காக மூன்று மாதம் மழையில் நனைந்து நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டவன் இந்த உலகத்திலேயே திபெரியு ஒருவனாகத்தான் இருப்பான்.

அபுசேனி மலைக்காட்டில் கூடும் வனவாசச் சங்கத்தில் அவன் சேர்ந்ததே அதற்குத்தான். சங்கத்தின் தலைவன் ஹோரியா. திபெரியுவின் மனைவி க்ரினா பெட்டியைக் கட்டி வைத்திருப்பது அந்த ஹோரியாவோடு போவதற்கு. "அவர் பக்கத்துல இருந்தாதான் எனக்கு மூச்சே வருது" என்று கட்டின கணவனின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். குளியலறை டைல்ஸ் விற்கிறவன் என்றால் ரோஷம் இருக்காதா என்ன?

ஹோரியாவுக்கு அவனை அடையாளம் தெரிய வழியில்லை. சங்கத்துக்குள் சொந்தப் பெயருக்குத் தடை. சேருகிற அன்றே ஆளுக்கொரு காட்டுப் பெயர் வைத்துவிடுவார்கள். ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்த பழைய டிராம் ஓட்டுநருக்குக் காட்டெருமை என்று பெயர். பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்த பெண் அணில் ஆனாள். திபெரியு, மரங்கொத்தி.

புதியவர்களுக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. பழைய ஆள் ஒருவர் பீட்ரூட் சாற்றைப் பூசிக்கொண்டு, அடிபட்டவர் போல் பாறையடியில் கிடப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டுப் போட்டு, தூக்கி வரவேண்டும். விசில் ஊதும்வரை வேடிக்கை பார்ப்பவர்கள்கூட நடிப்பார்கள். ஒருவர் குடிகாரனாக வந்து வம்புக்கு இழுப்பார். இன்னொருவர் மாரடித்து அழுவார். அடிபட்டவர், "நிஜமாவே வலிக்குதுடா பாவிங்களா!" என்று கத்துவார். கைதட்டல் அதிகம் கிடைப்பது அந்த இடத்தில்தான்.

இந்த வருடம் அடிபடப் போவது ஹோரியா என்று தெரிந்ததும் திபெரியுவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உண்மையாகவே செத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்து ஊரே கைதட்டும். வேறு எந்தக் கொலைகாரனுக்கு இப்படி ஒரு வசதி வாய்க்கும்?

காலையில் எல்லோரும் சோளக்களி தின்றுகொண்டிருந்தபோது, வயிறு சரியில்லை என்று சொல்லி ஒதுங்கினான். பாறையின் பின்பக்கமாக உச்சிக்கு ஏறினான். கீழே, பைன் கிளைகளுக்கு நடுவே ஹோரியாவின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்த ஒரு கல்லை நெம்பி உருட்டிவிட்டான். கீழிருந்து ஓர் அலறல் வந்தது. ஒன்றும் தெரியாதவன் போல் இறங்கி வந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டான்.

காட்டெருமைதான் முதலில் கண்டுபிடித்தார். ஹோரியா மல்லாந்து கிடந்தான். இடது கால் தொடைவரை சிவப்பாக இருந்தது. பக்கத்திலேயே அந்தக் கல்.

"நிஜமாவே அடிபட்டுடுச்சு... மேலேர்ந்து கல்லு விழுந்துச்சு..." என்று முனகினான்.

கூட்டம் கைதட்டியது. "அண்ணன் இந்தத் தடவை கல்லெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்காரு பாருங்கப்பா!" என்றது ஒரு குரல்.

அணில் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பரீட்சை என்றால் பரீட்சைதான். "மரங்கொத்தி, என்ன வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க? அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேச்சுக் கொடுங்க. தூங்க விட்டுடாதீங்க!" என்று அதட்டினாள்.

மறுத்தால் சந்தேகம் வரும். திபெரியு உட்கார்ந்து கையைப் பிடித்தான். அது சில்லிட்டிருந்தது.

"பேர் தெரியாது, ஊர் தெரியாது. எனக்காக உனக்கு இப்படி வேர்த்து ஊத்துதே" என்றான் ஹோரியா ஈனக்குரலில். "நீ நல்லவன்ப்பா. பொண்டாட்டி இருக்காளா?"

"இ... இருக்கா."

"கொடுத்து வச்சவ."

ஹோரியாவின் தலை சாய்ந்தது. பிடித்திருந்த கை துவண்டது.

திபெரியு தன் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. மனதுக்குள் ஹோரியாவை எத்தனையோ விதமாகக் கொன்று பார்த்திருக்கிறான். அதில் ஒரு தடவைகூட செத்தவன் அவனை நல்லவன் என்று சொன்னதில்லை.  சட்டென்று எழுந்தான்.

"நிறுத்துங்க! இது நடிப்பில்லை! கல்லை உருட்டினது நான்தான்! கொல்லணும்னேதான் உருட்டினேன்! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்!" என்று கத்தியவன், அப்படியே ஈர மண்ணில் விழுந்து புரண்டு அழுதான்.

 முதலில் காட்டெருமை கைதட்ட, காடே அதிர்ந்தது.

"அடேங்கப்பா! கொலைகாரன் வேஷம்! இத்தனை வருஷத்துல நமக்கு யாருக்கும் இது தோணலையே!"

"பாருங்க, மூக்கு ஒழுகுது! என்னமா அழறான்!"

விசில் ஒலித்தது. ஹோரியா எழுந்து உட்கார்ந்து, காலிலிருந்த பீட்ரூட் சாற்றைப் பாசியால் துடைத்துக்கொண்டான். ஒரு கீறல் இல்லை. கல் ஒரு முழம் தள்ளித்தான் விழுந்திருந்தது.

திபெரியுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதபடியே சிரித்தான், கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். யாரோ பிளம் சாராயத்தைக் கையில் திணித்தார்கள். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். செத்தவனும் பிழைத்தான், கொன்றவனும் பிழைத்தான், அது போதும் என்றிருந்தது. க்ரினா யாரோடு வேண்டுமானாலும் போகட்டும், இனி இந்தக் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்தான்.

கடைசியாக ஹோரியா வந்து அவனைக் கட்டிக்கொண்டான். இறுக்கமாகத்தான் கட்டிக்கொண்டான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி காதோடு சொன்னான்:

"உனக்குச் சுட்டுப்போட்டாலும் நடிப்பு வராதுன்னு க்ரினா சொல்லியிருக்காளே, திபெரியு!"