சுவரோரப் புல்

மழை விட்ட பிற்பகல். கல்லறைத் தோட்டத்தில் ஆக்னஸ் கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, பாசி படர்ந்த கல்லின்மேல் வெயிலைப் பக்கவாட்டில் வீசுகிறாள். தேய்ந்துபோன எழுத்துகள் நிழல் கட்டி எழுகின்றன. தேவாலயப் பங்கின் வரலாற்றுக்காக சிரில் அவற்றை வாய்விட்டுப் படித்து எழுதிக்கொள்கிறார். “ஹன்னா, மூணு வாரம். ஹன்னா, ரெண்டு வயசு. கீழயும் ஹன்னாதான். ஒரே பேரை எதுக்குத் திருப்பித் திருப்பி வச்சாங்களோ.” “கூப்பிட்டுப் பழகின வாய், சிரில். விடாது.” “உங்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. பிள்ளைகுட்டி கிடையாது.” வெளிச்சம் கல்லைவிட்டு நகர்ந்து, உயிரின்றிப் பிறந்த குழந்தைகளைப் பதிவேட்டில் ஏற்றாமலே புதைத்துவந்த வடக்குச் சுவரோரம், வெறும் புல்லில் போய் நிற்கிறது. “கை ஆடுது பாருங்க. அங்க படிக்க ஒண்ணுமில்ல,” என்கிறார் சிரில். ஆக்னஸின் கை ஆடவில்லை.