தனிக்குடித்தனம்

அந்தத் தையல்கடை வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அக்கா அதற்கு ஒத்து ஊதுவாள். அவனை டீ போடுவதற்கு மட்டும் கூப்பிடுவார்கள்.

தனிக்குடித்தனம் போகலாம் என்று அவன் காதில் ஓதியவள் மனைவிதான்.

"நீங்களே வாயைத் திறங்க. நான் கேட்டா, வந்தவ பிள்ளையைப் பிரிச்சிட்டாள்னு என் தலைதான் உருளும்."

நியாயம்தானே! நேற்று அவள் டேப்பை வைத்துப் படுக்கையறையை மூலைக்கு மூலை அளந்தபோது, புது வீட்டிலும் இதே அளவில் அறை தேடப்போகிறாள் என்று பூரித்துப்போனான்.

காலையில் கேட்டேவிட்டான். வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"போறதுன்னா போ."

இவ்வளவுதானா! அறைக்கு ஓடினான். பெட்டி தயாராக இருந்தது. திறந்தால், அவன் சட்டைகள் மட்டும்.

"உன் துணியெல்லாம் எங்கே?"

"நான் எதுக்கு வரணும்? அத்தை, அண்ணி, நான், மூணு பேருமா கடையைப் பெரிசு பண்ணப் போறோமே."

வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்:

"ஏம்மா, அவன் கிளம்பிட்டானா? மெஷின் வண்டி வந்து நிக்குது."

"இதோ அத்தை!" என்றபடி பெட்டியை மூடி அவன் கையில் கொடுத்தாள் மனைவி. "நாலு மெஷினும் இந்த ரூம்ல தாராளமா அடங்கும். நான்தான் நேத்தே அளந்து பார்த்துட்டேனே!"