சந்தில் வைத்த தண்ணீர்

தண்ணீர்த் தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தது வேறு யாருமில்லை, குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவியேதான். மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்து தையற்காரம்மா தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினாள்.

"தினம் தொட்டியைக் கவுக்கறது நீதானா? நான் பூனை வேலைன்னு நினைச்சேன்!"

"ஆமாக்கா. நான்தான்."

"வெயில் மண்டையைப் பொளக்குது. வாயில்லாத ஜீவன் தண்ணிக்கு எங்க போகும்?"

"எங்கயாவது போய்க் குடிக்கட்டும். இங்க வர வேண்டாம்."

கொஞ்சமாவது நாக்குக் கூசுகிறதா பாருங்கள்! தையற்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது.

செயலாளர் ஓடிவந்தார். போன வருஷம் வரை நாயைக் கண்டாலே முகத்தைச் சுளித்த மனுஷன், இந்தக் கோடையில் தானாகவே பக்கத்துச் சந்தில் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார். மனசு என்றால் தங்கமான மனசு. வாய்த்த மனைவி இப்படி.

"மன்னிச்சிடுங்கம்மா. இவ சுபாவம் அப்படி" என்றவர், குழாயைப் பிடித்துத் தொட்டியை நிரப்பினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

"வேண்டாங்க... பாவம்ங்க" என்றாள் மனைவி.

"நீ உள்ள போ."

போய்விட்டாள். "பேச்சைப் பாரு, பாவமாம்!" என்று ஒருத்தி முகவாயில் இடித்துக்கொண்டாள்.

தையற்காரம்மாவின் கவலையெல்லாம் மேனேஜரைப் பற்றித்தான். மேனேஜர் என்பது கேட்டருகே கிடக்கும் பழுப்பு நிறத் தெருநாய். வருகிறவர், போகிறவரை ஒருமுறை முறைத்துவிட்டு மற்ற நேரமெல்லாம் தூங்குவதால் அந்தப் பெயர். கணவர் போனபின் தனியாக இருக்கிற தையற்காரம்மாவோடு நூல் கடை வரைக்கும் வந்து, வாசலில் காத்திருந்து, திரும்பக் கூட்டி வருவது அது ஒன்றுதான். இரண்டு நாளாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காருக்கடியில் கிடந்தது. இந்த வெயில் அதை விட்டுவைக்குமா?

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால், செயலாளர் மனைவி.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேளுங்க..."

"என்னத்தைக் கேக்கணும்? ஊர் சிரிச்சதும் சாக்கு சொல்ல வந்தியா? உன் மூஞ்சியில முழிச்சாலே பாவம். கல்நெஞ்சுக்காரி!"

"அக்கா, மேனேஜர்..."

படாரென்று கதவைச் சாத்தினாள். சாத்தியபிறகு மனசுக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்கிறீர்கள்!

மறுநாளிலிருந்து, பட்டன் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு சந்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். இனி எவள் கவிழ்க்கிறாள், பார்த்துவிடலாம். செயலாளரே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்.

"உச்சிவெயில் நேரத்துல மட்டும் ஊத்துவோம்மா. அப்பதான் தண்ணி சூடாகாம இருக்கும். எல்லாம் ஒண்ணா வந்து குடிச்சுட்டுப் போகட்டும்."

"உங்களுக்குப் புண்ணியம் சார்."

தெருவில் இருந்த நாயெல்லாம் வர ஆரம்பித்தது. மேனேஜர் மட்டும் வரவில்லை. தொட்டி உருண்ட சத்தத்தில் மிரண்டிருந்ததோ என்னவோ, சந்து முனையிலேயே நின்றுகொண்டது. செயலாளர் விசிலடித்துப் பார்த்தார். பிஸ்கட்டைக் காட்டினார். ஓர் அடி நகரவில்லை.

"வாடா என் ராசா. நான்தான் பக்கத்துலயே இருக்கேன்ல? யாரு உன்னை என்ன பண்ணிடுவா?"

காதை மடக்கிக்கொண்டு வந்தது. அவள் முகத்தை ஒருதரம் பார்த்தது. அப்புறம் குடித்தது, குடித்தது, அப்படிக் குடித்தது. தையற்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அதன்பிறகு அவள் கூப்பிட்டால் போதும், மேனேஜர் வந்துவிடும்.

ஒரு வாரம் போயிருக்கும். எல்லா நாயும் தொட்டியில் தலையைக் கவிழ்த்திருந்த நேரம், ஒரு வேன் பின்பக்கமாக வந்து சந்து வாயை அடைத்துக்கொண்டு நின்றது. நாலு ஆட்கள் வலையோடு குதித்தார்கள். மூன்று பக்கமும் சுவர். ஓட வழியில்லை. மேனேஜர் ஓடவும் இல்லை, நேராக வந்து தையற்காரம்மாவின் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அங்கேயே வைத்து அமுக்கிவிட்டார்கள்.

"ஐயோ, விடுங்கப்பா! எங்க கொண்டு போறீங்க?"

"கல் குவாரிக்கும்மா. ரொம்பத் தூரம். திரும்பி வராது."

"அங்க தண்ணி இருக்குமா?"

"இந்த வெயில்ல ஏதும்மா தண்ணி? வெறும் பாறைதான்." கதவைச் சாத்திவிட்டு அந்த ஆள் ஏறிக்கொண்டான்.

வேன் கிளம்பியது. உள்ளிருந்து வந்த ஊளை தெரு திரும்பும் வரை கேட்டது. மாடி ஜன்னலில் செயலாளர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தையற்காரம்மாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செயலாளர் கையைத் தட்டித் தூசி உதறிக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தனை தடவை வந்தும் இந்த நாய் பிடிக்கிறவங்களுக்கு ஒண்ணுகூட சிக்கலை. ஒரே இடத்துல, ஒரே நேரத்துல தண்ணி வெச்சுப் பழக்குங்க, நாங்க பாத்துக்கறோம்னாங்க. நான் வெக்க வெக்க வீட்டுக்காரி கவுத்து விட்டுக்கிட்டே இருந்தா. நல்லவேளை, நீங்க வந்து காவலுக்கு உட்கார்ந்தீங்க" என்றவர், தையற்காரம்மாவின் முதுகில் செல்லமாகத் தட்டினார்.

"அதுலயும் அந்தப் பழுப்பு நாய் இருக்கே, சரியான கள்ளன். நீங்க கூப்பிட்டதாலதாம்மா வந்துச்சு!"