காகிதத் தோட்டா

மாயக்காள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது வெடிக்கலைண்ணே" என்றாள்.

போடியில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற ராஜாராம் காதில் விழக் கூடாத பேச்சு அது. தோட்டாவைத் திருப்பிப் பார்த்தார். காகிதக் கூட்டின் பித்தளை அடியில் துப்பாக்கி ஊசி இடித்த பள்ளம் நன்றாகவே விழுந்திருந்தது. துப்பாக்கிமேல் குற்றமில்லை, தோட்டாதான் கைவிட்டிருக்கிறது.

எப்போது என்று கேட்டார். நேற்றுப் பொழுதிறங்குகிற நேரமாம். அவள் அடுப்படியில் உலை வைத்துக்கொண்டிருந்தாளாம். டிக்கென்று சத்தம் கேட்டதாம், பதறிப்போய் ஓடினாளாம். மேற்கொண்டு அவள் சொல்வதற்குள் ராஜாராம் குறுக்கே விழுந்துவிட்டார். பயம் வந்தால் அந்த மனுசனுக்கு வாய் நிற்காது.

"பன்னி திருப்பிப் பாஞ்சிருந்தா கன்னையன் கதி என்ன தாயி? எல்லாம் இந்தக் காகிதக் கூடு பண்ற வேலை."

கன்னையன் அவள் புருசன். போடிமெட்டுக்கு மேலே சின்னதாக ஒரு ஏலத்தோட்டம். காட்டுப்பன்றி செடியைத் தோண்டிப் போடுகிறது என்று லைசன்சு வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தான். மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு கார்த்திகையில், மூடுபனிக்குள் செடி அசைந்தது. பன்றி என்று சுட்டான். போய்ப் பார்த்தால் கூடப்பிறந்த தம்பி பேச்சிமுத்து, தூக்குவாளியும் கையுமாகக் கிடக்கிறான். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தவன் அவன். சோற்றைக் கட்டிக் கொடுத்தனுப்பியவள் இந்த மாயக்காள்.

கோர்ட்டு விபத்து என்று விட்டுவிட்டது. துப்பாக்கியும் போன மாசம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பனி இறங்கினால் போதும், கன்னையனுக்குத் தூக்குவாளி மூடி ஆடுகிற சத்தம் கேட்குமாம். தம்பி வந்துவிட்டான், தட்டை எடுத்து வை என்பானாம். அவளும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்து வைப்பாள். சில நாள் அந்தச் சத்தம் அவளுக்குமே கேட்கும், பாவம்.

ராஜாராம் அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் தோட்டாவை எடுத்து அவள் முன்னால் உருட்டினார். பிளாஸ்டிக்குக் கூடு, போன வருசம்தான் வந்து இறங்கிய சரக்கு. ஒரு டம்ளர் தண்ணீரில் அதையும் காகிதத் தோட்டா ஒன்றையும் சேர்த்துப் போட்டார். பையனைப் பெண் பார்க்கக் கூட்டி வந்தவர் மாதிரி அதன் பெருமையைப் பேச ஆரம்பித்தார். காகிதம் எத்தனை மெழுகு பூசினாலும் மலைப்பனியைக் குடித்துவிடும், பிளாஸ்டிக்கு குடிக்காது. காகிதம் உப்பிக் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கு வழுக்கிக்கொண்டு போகும். வாய் மடிப்புகூட எவ்வளவு கச்சிதம், பார் என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் வெளியே எடுத்தார். காகிதம் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை மாதிரி ஊறித் தொய்ந்துபோயிருந்தது. பச்சையை வேட்டியில் ஒரு துடைப்புத் துடைத்தார், புத்தம் புதுசாக மின்னியது.

மாயக்காள் அதையெல்லாம் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கு வெடிச்சதும் இந்தக் கடைத் தோட்டாதானண்ணே? அது மட்டும் ஏண்ணே வெடிச்சுச்சு?"

விற்ற கை ராஜாராமுடையதுதான். மூன்று வருசமாக அவரும் அதை நினைத்து எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்திருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்வது?

பேச்சை மாற்ற, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பெட்டியை இழுத்தார். போன மழைக்கு ஓடு ஒழுகி நனைந்த பெட்டி இது, கன்னையனுக்குப் போன மாசம் கொடுத்ததும் இதிலிருந்துதான், வாங்கிப்போன வேறு ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்து திட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார்.

"இதுல இருக்கிறது ஒண்ணுகூட வெடிக்காதாண்ணே?"

"ஒண்ணுகூட வெடிக்காது தாயி. காயவச்சும் பாத்துட்டேன்."

"மேல பாத்தா தெரியுமா?"

"எனக்கே தெரியலையே, கன்னையனுக்கு எப்படித் தெரியும்? அதான் ஏமாந்துட்டோம்."

சொல்லிக்கொண்டே பச்சைத் தோட்டாக்களை ஒரு பையில் போட்டார். காசு வேண்டாம், தன் தப்புக்குத் தானே ஈடு என்றார். அவள் கொண்டுவந்திருந்த கன்னையனின் லைசன்சுப் புத்தகத்தை விரித்தார். புதுத் தோட்டா வாங்கிவரச் சொல்லி அவன்தான் கொடுத்தனுப்பியிருந்தான். லைசன்சுக்காரன் வராமல் பெண்டாட்டி கையில் கொடுப்பது சட்டப்படி சரியில்லைதான், ஆனால் ஒரு உயிர் விசயம் என்று ராஜாராம் மனசைத் தேற்றிக்கொண்டார்.

மாயக்காள் பச்சைப் பையை அவர் பக்கமே நகர்த்தினாள். நனைந்த பெட்டிமேல் கையை வைத்தாள்.

"இதக் குடுங்கண்ணே. நான் வெறுங்கையோட போனா, நாளைக்கு அவரே பஸ்சேறி வந்துருவாரு."

ராஜாராம் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏன் ஆத்தா, வெடிக்காது என்று தெரிந்தே வாங்குகிறாயே, இன்றைக்கும் பன்றி வந்தால் அவன் என்ன செய்வான் என்று கேட்டார்.

அவள் பெட்டியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நேத்துப் பன்னியே வரலைண்ணே. அவரு துப்பாக்கியத் தன் நெஞ்சுலதான் வச்சிருந்தாரு."