ஆறாவது பாட்டு

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு.

புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுத்த பிறகு அவன் சிரிப்பு அப்படித்தான்.

அவன் எழுதிப் பாடிய பாட்டுகளை வேறு வேறு ராக் குழுக்கள் பாடியிருந்தன. குழுவுக்கு ஒரு பாட்டு. அவனுடைய பழைய டிரம்மர் ஜெரோம் ஊர் ஊராகப் பேசிச் சேர்த்த ஆல்பம். அவனுக்கு மரியாதையாம். செத்தவனுக்குச் செய்வதை இருக்கும்போதே செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்தான்.

ஒரு குழு வேகத்தைக் கூட்டியிருந்தது. இன்னொன்று கிட்டார் வரவேண்டிய இடத்தில் நாதஸ்வரம் வைத்திருந்தது. ஐந்தாவதைப் பாடிய மதுரைப் பையன்கள் அவனைப் போலவே கத்தப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். அதற்குத்தான் சிரித்தான்.

பக்கத்தில் அவன் மனைவி ரோஸ்லின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் மேடையேறிய காலமெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்தவள்.

ஆறாவது பாட்டு வந்தது.

டிரம் இல்லை. ஒற்றைக் கிட்டார். ஒரு பெண், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினாள்.

பாட்டில் கரண்ட் போன ராத்திரி. மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகையால் ஒருவனுக்கு விசிறிக்கொண்டே ஒருத்தி தூங்கிப்போகிறாள்.

தூங்கிய பிறகும் அவள் கை நிற்கவில்லை.

கல்யாணமான புதிதில், ராயபுரத்து ஒற்றை அறையில், விழித்துக் கிடந்து அவன் பார்த்தது. காலையில் ரோஸ்லினுக்கு எதுவும் நினைவில்லை; அவனும் சொல்லவில்லை. பாட்டாக எழுதினான். பாட்டு சொல்லிவிடும் என்று இருந்துவிட்டான்.

இருபது வருஷம் அதைப் பாடினான். அந்த வரி வரும்போது மட்டும் கூட்டத்தை விட்டுவிட்டு முதல் வரிசையைப் பார்ப்பான். அவள் கைதட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் நல்லா இருந்துச்சு என்பாள்.

ரோஸ்லினின் விரல்கள் கீரையில் அப்படியே நின்றன.

கண் கலங்கியிருந்தது.

அவன் பாடி அவள் அழுததில்லை. இப்போதாவது புரிந்ததே என்று அவன் மனம் பூரித்தது.

இந்தப் பொண்ணு எவ்வளவு நல்லா எழுதியிருக்கு என்றாள் அவள். இது மட்டும் உங்க பாட்டு இல்லையோ என்று கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி லேசாகச் சிரித்தாள். அவன் பாட்டெல்லாம் அவளுக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்குமாம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் உட்காருவாளாம். மனசு நோகுமே என்று இத்தனை நாள் சொல்லவில்லையாம்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மெதுவாகத் தன் நெஞ்சில் விரல் வைத்துக் காட்டினான். என்னுடையது.

ரோஸ்லின் அவனையே பார்த்தாள். முதலில் நம்பாமல். பிறகு முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"யாருங்க அவ? உங்களுக்கு விசிறுனவ?"

மேசைமேல் பேசும் கருவி இருந்தது. கழுத்தில் வைத்து அழுத்தினால், அவன் உதடசைப்பதை அது ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லும்.

ஒரு சொல் போதும். நீதான்.

கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தான். அவள் காத்திருந்தாள்.

அவனுக்கு முதல் வரிசை ஞாபகம் வந்தது. அத்தனை ஊர். அத்தனை கைதட்டல், காதில் பஞ்சோடு.

"பழைய கதை" என்றது கருவி.

ரோஸ்லின் தலையை மட்டும் அசைத்தாள். முறத்திலிருந்து ஒரு காம்பை எடுத்தாள். அதில் இலை இல்லை.

உருவத் தொடங்கினாள்.